கேட்க ஒன்றுமில்லாத நடை

துன் எச். எஸ். லீ சாலையில் தேர் அசைந்தபோது
மணி பத்தரை.
கையில் காலிக் குடம்.
காலில் செருப்பில்லை, வழக்கம்போல.
வேண்டுதலும் இல்லை.
அது மட்டும்தான் புதிது.

பதினோரு தைப்பூசம் இதே தார்.
பதினோரு முறையும் ஒரே வாக்கியம்:
முருகா, நீல அட்டை.
மூச்சு வாங்கும்போது சுருக்கி,
நீலம், நீலம், நீலம்.
மயிலைத்தான் சொல்கிறேன் என்று
கூட நடந்த சுலோசனா நினைத்துக்கொண்டாள்.

இங்கேதான் பிறந்தேன்.
எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.
அறுபது வயதுவரை சிவப்பு அட்டை.
சொந்த வீட்டில் வாடகை கட்டுகிற மாதிரி.

புத்ராஜெயாவில் அந்த அதிகாரி கேட்டாள்,
தேசிய மலர் எது?
செம்பருத்தி என்று நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கிவிட்டு
புங்ஙா ராயா என்றேன்.
தினமும் காலையில் சாமி படத்துக்குப் பறிக்கிற பூ.
பரீட்சைக்கு வரும் என்று யார் கண்டது!

அட்டை வந்த வருடம் நான் நடக்கவில்லை.
முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.
முட்டி நன்றாகத்தான் இருந்தது.
கடன் தீர்ந்த கடைப்பக்கம்
எவள் போகிறாள்?

ஈப்போ சாலையில் லியோங்கின் டயர் பட்டறை.
நள்ளிரவு தாண்டியும் பார்லித் தண்ணீர்,
கூடையில் உடைக்கக் காத்திருக்கும் தேங்காய்.
"போன வருஷம் ஆளையே காணோம்?" மலாயில் கேட்டான்.
கிடைத்துவிட்டது என்றேன்.
"அப்புறம் எதுக்கு வந்த?"
பார்லியில் ஐஸ் நிறைய.
பல் கூசியதில் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பிறகு வெறும் சாலை.
வாய்க்கு வேலையில்லாதபோது
கால் பேசத் தொடங்குகிறது.
சாக்கடை மூடி இன்னும் பகல் சூட்டோடு இருக்கிறது,
இந்த இடத்தில் தார் மாற்றியிருக்கிறார்கள்,
இது தேங்காய்ச் சில்லு, பார்த்து,
இது யாரோ கொட்டிய மைலோ.
பதினோரு வருடம் இதன்மேல்தான் நடந்தேனாம்.
ஒன்றுகூட ஞாபகமில்லை.

விடிந்ததும் ஆற்றங்கரையில்
இரண்டு பாக்கெட் பால் வெட்டி ஊற்றினேன்.
படிகளை எப்போதும் எண்ணுவேன்.
இந்த முறை தொண்ணூறோடு விட்டுப்போனது.
முன்னால் அப்பன் தோளில் ஒரு மொட்டைத் தலைக்கு
விக்கல்.
அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே
மேலே வந்துவிட்டேன்.

குடத்தை வாங்கினார்கள், ஊற்றினார்கள்,
நகருங்கம்மா என்றார்கள்.
இரண்டு விநாடி கண்ணை மூடினேன்.
உள்ளே ஒரு சொல்லும் வரவில்லை.
சாப்பிட்டியா என்று கேட்டேன்.
வேறென்ன கேட்க.

சுலோசனா கொமுட்டர் ரயிலுக்கு வரிசையில் நின்றாள்.
நீ போ, நான் நடக்கிறேன் என்றேன்.
பைத்தியமா உனக்கு என்றாள்.
இருக்கலாம்.

திரும்பும் வழியில் மேளமில்லை, நிழலுமில்லை.
ராத்திரி முழுக்க நாங்கள் உடைத்ததை
ஒருவன் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தான்.
நானும் கூட்டிப் பெருக்குகிறவள்தான்,
பங்சாரில், இருபத்தேழாவது மாடி.
விளக்குமாற்றை அவன் பிடித்த விதத்தில்
வேலைக்குப் புதுசு என்று தெரிந்தது.
பெயர் கேட்டேன். ரொஃபிக்.
பையிலிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன்.

தோலைப் பாதி உரிப்பதற்குள்
சந்து முனையில் போலீஸ் கார்.
அவன் கழுத்து ஒரு சுண்டு சுண்டியது.
எனக்குத் தெரியும் அந்தச் சுண்டு.
சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப்பார்க்கிற கை,
அங்கே இருப்பது போதாது என்று
ஏற்கெனவே தெரிந்த கை.

காருக்கும் அவனுக்கும் நடுவில்
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.
மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு,
வழி மறந்த கிழவி.
கார் மெதுவாகி, பார்த்து, போனது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி பெருக்கத் தொடங்கினான்.
என் குதிகால் கொப்புளம்
செந்தூலுக்கு முன்பே உடைந்துவிட்டது.

சில்லறை சிந்தாமலிருக்கக் குடத்துக்குள் போட்டிருந்தேன்,
அட்டையையும் கூடவே.
நொண்டி நொண்டி நடக்க நடக்க
இரண்டும் கடகடத்துக்கொண்டே வந்தன.