வலைக்கு அந்தப்பக்கம்

ஜெயித்த ஆட்டங்களை
யாராவது கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.
தோற்றவை கேட்காமலே வரும்,
பெரும்பாலும் நைட் ஷிப்ட் பஸ்ஸில்,
ஃபலஜ் ரவுண்டானா தாண்டும்போது.

சொஹார் துறைமுகச் சாலையில்
முகாமுக்குப் பின்னால் எங்கள் மைதானம்.
இரண்டு இரும்புக் குழாய்,
நட்டது நானும் வெல்டர் சூசைராஜும்.
வலை மீன்காரர்களிடம் வாங்கியது.
எத்தனை வெயில் குடித்தும்
சாளை வாடை போகவில்லை.

நடுவில் நின்று தடுப்பவன் நான்.
தடுப்பவன் பந்தைப் பார்க்கக் கூடாது,
பந்தைத் தூக்கிவிடுகிறவன்
விரல்களைப் பார்க்க வேண்டும்.
பதினொரு வருஷம் அப்படிப் பார்த்ததில்
என் மனைவியின் விரல்களைவிட
எதிரணி லிஃப்டர்களின் விரல்கள்
எனக்கு மனப்பாடம்.

ஷம்ஷாத் ஹுசைன் கிரேன் ஓட்டுகிறவர்.
தொப்பை. மருதாணி போட்ட தாடி.
குதிக்கவே மாட்டார்.
இவரா என்று சிரித்தோம்.
நின்ற இடத்திலிருந்தே,
மேஜையில் டீ கிளாஸ் வைப்பது போல
பந்தைக் காற்றில் வைத்தார்.
வலப்பக்கம் வைத்தார்.
நான் இடப்பக்கம் குதித்திருந்தேன்.
இருபத்தைந்துக்குப் பதினொன்று.
அடுத்த செட்டில் பதிமூன்று.
முன்னேற்றம்தான் என்றான் சூசைராஜ்.
கை கொடுக்கும்போது
'உன் தோள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது' என்றார்
உடைந்த இந்தியில் எனக்காக.
தோளைத் திருத்த ஒரு வருஷம் ஆனது.
திருத்திவிட்டுத் தேடினால்
அவர் விசா முடிந்து போயிருந்தார்.

வடகரை ப்ரஜீஷுக்கு மோதிர விரல் பாதிதான்;
மீதியை பேக்கரி மாவு மெஷின் தின்றுவிட்டது.
அவன் தூக்கும் பந்து லேசாகச் சுழலும்.
அடிக்கப் போகிறவனுக்கே
எங்கே இறங்கும் என்று தெரியாது,
எனக்கு எப்படித் தெரியும்?
ரமலான் இரவு, மணி பதினொன்று,
டபுள் டச், டபுள் டச் என்று கத்தினோம்.
நடுவர் அவன் கையை வாங்கிப் பார்த்தார்.
பிறகு எங்களைப் பார்த்தார்.
அந்தப் பார்வையிலேயே ஐந்து பாயிண்ட் போனது.

ஒரு ஃபிலிப்பினோ நர்ஸ் பையன்.
நாற்பதே நிமிஷம்.
எங்களை முடித்துவிட்டு
ஆம்புலன்ஸில் ஏறி டியூட்டிக்குப் போனான்.
பெயர் கேட்க நேரமில்லை.

இதெல்லாம் யாரிடமும் சொல்லலாம்.
சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான்
இவ்வளவு சுற்றினேன்.

அருமைநாயகம் எங்கள் லிஃப்டர்.
ஆறு வருஷம் என் மேல்கட்டில்.
அவன் புரண்டால் என்மேல் துரு உதிரும்.
ஆள் குறைத்த மாதம்
ஃபோர்மன் எங்கள் இருவர் பெயரையும் சொல்லி
யார் கை சுத்தமான வேலை என்று கேட்டார்.
நான் பேசாமல் நின்றேன்.
பேசாமல் நிற்பதும் ஒரு பதில்தான்.
அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

மார்ச்சில் வந்தான்,
அலுமினியக் கம்பெனி பனியனில்,
இருபது ரியால் குறைந்த சம்பளத்தில்,
வலைக்கு அந்தப்பக்கம்.
பக்கவாட்டிலேயே பார்த்துப் பழகிய ஆட்டம்.
நேருக்கு நேர் அன்றுதான் பார்க்கிறேன்:
பந்தைத் தொடும் முன்
நாக்கின் நுனியைக் கடிக்கிறான்.
ஆறு வருஷத்தில் எனக்கு இது தெரியாது.

என் இடது முழங்கால் அவனுக்குத் தெரியும்.
தைலம் தேய்த்தவனே அவன்தான்.
முதல் பந்து என் இடப்பக்கம்.
இரண்டாவது இடப்பக்கம்.
பதினாறு வரை எண்ணினேன்.
ஒவ்வொன்றுக்கும் அந்தக் காலில்தான்
வந்து இறங்க வேண்டியிருந்தது.

கடைசிப் பாயிண்டில் மட்டும்
வலப்பக்கம் தூக்கினான்,
மெதுவாக, தாழ்வாக.
சும்மா நின்றிருந்தால் கையில் பட்டிருக்கும்.
நான் இடப்பக்கம் குதித்திருந்தேன்.

இரக்கமா, கணக்கா,
நான் கேட்கவில்லை.

விளக்கை அணைத்த பிறகு
வலையைச் சுருட்ட ஆரம்பித்தேன்.
மறுமுனையை அவன் பிடித்திருந்தான்,
பழக்கதோஷம்.
சுருள் தடிக்கத் தடிக்க
கிட்டே வந்துகொண்டிருந்தோம்.

'முழங்கால் எப்படி இருக்கு?' என்றான்.

'நீதான்டா சொல்லணும்.'