இம்மி

டபுள் ரோட்டில் பேட்டரிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
பலகை கிடையாது; வைத்தால் திருட வருவார்களாம்.
ஒன்பதரைக்குக் கைகழுவி
க்ரீம் எதுவும் பூசாத விரல்களோடு
கறுப்பு வெல்வெட் முன்னால் உட்காருவேன்.
என் எண் 4. லேபிளில் பெயர் வராது.

முதலில் அளவு.
அகலம் அறுபத்து மூன்றரை மில்லி இருக்கவேண்டும்.
அறுபத்து மூன்றே கால் என்றால்
உடனே திருடன் என்றுவிடக் கூடாது:
அச்சகத்துக் கத்தியும் சில நாள்
தூங்கி வழிந்திருக்கும்.
பிறகு விளிம்பு.
பழைய வெட்டு ஒருபக்கமாக லேசாய் மடங்கி
வியர்வை, சட்டைப்பை, ரப்பர்பேண்ட் எல்லாம் குடித்து
மங்கிக் கிடக்கும்.
புது வெட்டு
இன்று காலை சவரம் செய்த மோவாய்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
அமுக்கி நிமிர்த்திய மடிப்பு
வயிற்றுத் தழும்பு மாதிரி மினுங்கும்.
ஊதா விளக்கில்
மூலைக்குத் தடவிய ஸ்கெட்ச் பேனா
ஊர்க் கறுப்போடு சேராமல்
தனிக் கறுப்பாய் நிற்கும்.
கடைசியாக மூக்கு. இதைப் படிவத்தில் எழுதுவதில்லை.
அழிரப்பர், லைட்டர் திரவம்,
ஒருமுறை நெயில்பாலிஷ் ரிமூவர்.
அந்தக் கார்டில் சிரித்த விக்கெட் கீப்பருக்கு
கல்யாண வீட்டு வாசனை.

பத்தாயிரம் கட்டினவருக்கு இவ்வளவும்.
கார்டுக்கு இருநூற்றைம்பது என்று
மூட்டையாக அனுப்பினவருக்குத்
தொண்ணூறு நொடி.
ஹெக்டே கன்னடத்தில் சொல்வார்:
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்தப் பானையில் ஒவ்வொரு பருக்கையும்
வேறுவேறு வயலில் விளைந்தது, சார்.
(மனசுக்குள் சொல்வேன்.)

நேற்று ஒரு டப்பா திரும்பி வந்தது.
வாமன் தேவ்ருக்கர், இடதுகைச் சுழல்,
ஏழு ஆட்டம் ஆடி எட்டாவதில் முழங்கால் போனவர்.
அச்சடித்ததே கொஞ்சம்.
லேபிளில் ஒன்பது. மூலையில் சின்னதாய் 4.
போன மார்ச் முப்பத்தொன்று, மாலை ஆறு ஐம்பது.

உடைத்தேன்.
வலது விளிம்பு, கேட்பதற்கு முன்பே
ஒப்புக்கொள்கிறவனைப் போல, வெளுப்பு.
கீழ் மூலைக்கருகில் கத்தி ஒருகணம் தயங்கிய
கொக்கி.
பந்தை விடும் விரல்களுக்கு அப்பால்
இருக்கவேண்டிய வெள்ளை ஓரத்தில்
இம்மி குறைவு.
இம்மி எவ்வளவு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை.
மைக்ரோமீட்டர் சொன்னது:
பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு.

அன்று என்ன செய்துகொண்டிருந்தேன்?
கரண்ட் போய் யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்ததா,
பல்வலியா, கடைசி மூட்டையா?
துழாவிப் பார்த்தால்
அந்த அறையில் விளக்கு எரிகிறது,
நான் இருக்கிறேன்,
கார்டு மட்டும் இல்லை.
அழுத்தித் துடைத்த இடம் போல
பளபளப்பு குறைந்திருக்கிறது.

பக்கத்து மேசை ஜோஸ்லின், எண் 2,
குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக,
"ஃபேக்டரி வெட்டுன்னும் சொல்லலாமே."
சொல்லலாம்.
கொக்கியை அவளும் பார்த்தாள்.

ஒன்பதை எடுத்துவிட்டு எழுதினேன்:
அசல். திருத்தப்பட்டது.
இரண்டு சொல்லும் ஒரே டப்பாவுக்குள்
முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டன.
ஒட்டும் மெஷின் கொசு போலப் பாடி முடித்தது.

மதியம் போன். ஹெக்டே
இணைப்பை என் மேசைக்கே தள்ளிவிட்டார்.
யஷவந்த்புரம் கெம்பராஜ்,
ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்கியவர்.
கத்துவார் என்று ரிசீவரைக்
காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தேன்.
கத்தவில்லை.
"அன்னைக்குப் பார்த்தீங்களா, மேடம்?"
"பார்த்தேன்."
எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த மூட்டையில் நூற்றிருபது.
கைகழுவ எழுந்தேன்.