சாக்கு

நான்கு பிரதிகள்.
வெள்ளை எனக்கு. மஞ்சள் படைப்பிரிவுக்கு.
இளஞ்சிவப்பு தலைமையகத்துக்கு.
நீலம் லண்டனுக்கு.

மே பதினொன்று: சாக்குப் பை, நானூறு.
மே பத்தொன்பது: சாக்குப் பை, அறுநூறு.
மண்வெட்டி: இல்லை.
பாலைவனத்தில் மணலை யார் எழுதிக் கேட்பார்கள், சரி.
அள்ள ஒரு மண்வெட்டிகூடவா வேண்டாம்?
அந்த முகாமில்
முழங்கால் உயரத்துக்கும் ஓர் அரண் எழவில்லை.

கிடங்கில் கணக்குப்பிள்ளை நான்.
கணக்கு உதைத்தது.
கையெழுத்துப் போட்டேன்.

மார்க்கவசம் கேட்டு அதே படிவத்தில்
ஏழு முறை எழுதியிருந்தோம்.
வரவில்லை.
லீ டக்வொர்த் சட்டைப் பொத்தான்களோடு மட்டும்
பாலம்வரை போனான்.
சாக்கு மூன்றே நாளில் வந்தது.

சோப்புப் பெட்டிகளோடு ஒருமுறை
பின்கொட்டகையைக் கடந்தேன்.
வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள், தலைக்குப் பதில் சாக்கு.
ஒன்றில் மட்டும்
வாயிருக்கும் இடத்தில் துணி
உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய்,
மீன் செவுள் மாதிரி.
நான் பெட்டிகளை எண்ணினேன். பன்னிரண்டு. சரியாக இருந்தது.

அவன் பெயர் ஷனான் ஃபர்ஹூத்,
பஸ் இஞ்சின் பழுது பார்ப்பவன் என்பது
ஒன்பது வருடம் கழித்து
விசாரணைக் கமிஷன் வாசித்தபோதுதான் தெரியும்.
இரண்டாம் வரிசையில் அவன் தம்பி உட்கார்ந்திருந்தார்,
மொழிபெயர்ப்புக் கருவியைக் காதிலிருந்து கழற்றிவிட்டு.

அமைச்சர் தண்ணீர் குடித்தார்.
'என் மேசைக்கு அப்படி எந்தத் தாளும் வரவில்லை.'
நீலப் பிரதிகள்?
அமைச்சகத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்ததாம்.
படித்த வெள்ளம் போலிருக்கிறது.
சமையல் கணக்கை விட்டுவிட்டு
நீலத்தை மட்டும் தேர்ந்து தின்றிருக்கிறது.

வெள்ளைப் பிரதியைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள்.
அறிக்கை வந்தது:
'அமைப்பு தவறியது.'
அமைப்புக்குக் கழுத்து கிடையாது, பிடிக்க.
அதனால் பிரஸ்டன் பையன் கீரன் ஹேஸ்லத்தைப் பிடித்தார்கள்.
இருபது வயதில் செய்தது, மூன்று வருடம்.
எய்தவன் மாளிகையிலிருக்க அம்புக்குச் சிறை என்று
எல்லோரும் சொன்னோம், நானும்.
ஆனால் கீரனின் கையை எனக்குத் தெரியும்.
அது வெறும் அம்பில்லை, அதற்கும் பிடித்திருந்தது.
நான்?
நான் அம்பறாத்தூணி.

இப்போது பர்ன்லியில்
தர்ம நிதிக்காகப் பழைய சாமான் விற்கும் கடையில் இருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை அட்டைப்பெட்டியில் வந்தது
அமைச்சரின் சுயசரிதை.
அட்டையில் அவரும் அவர் நாயும்.
நானூற்று எண்பது பக்கம்.
பொருளடைவில் விரலை ஓட்டினேன்.
முகாமுக்கு இரண்டு பக்கம், நாய்க்கு ஒன்பது.
சாக்கு எங்கும் இல்லை.
சாக்குப்போக்கு வேண்டிய மட்டும்.

விலை ஒட்ட வேண்டும்.
ஒரு பவுண்ட் என்று ஒட்டினேன்,
கிழித்துவிட்டு ஐம்பது பென்ஸ்,
பிறகு மறுபடி ஒரு பவுண்ட்.
அந்தப் பணமும் யாரோ ஒருவரின்
கம்பளிக்குத்தான் போகிறது.

நான்கு மணிக்கு ஒரு பெண் எடுத்து வந்தாள்,
கணவனின் பிறந்தநாளுக்காம்.
கல்லாவில் நிற்பவர்
எல்லோரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.
வெளியே மழை வேறு.
'பை வேண்டுமா?'
கேட்டேன்.
எனக்கே கேட்கவில்லை.
மறுபடி கேட்டேன்.