ஐம்பதும் அறுபதும்

சப்வூஃபர் வாய் மூடி இன்றோடு ஒன்பது நாள்.
ரீகாவில் மைனஸ் பதினான்கு. ஏழாவது மாடி.
சோபாவுக்கும் ஹீட்டருக்கும் நடுவே
கருப்புப் பெட்டி, சிவப்பு விளக்கு.
தூங்குகிறதா செத்துவிட்டதா,
விளக்குக்கே தெரியவில்லை.

குன்வால்டிஸ் கப்பலில் இருக்கிறான்,
கானரித் தீவுகளுக்குத் தெற்கே எங்கோ.
கப்பலின் எலக்ட்ரீஷியன். இறங்க இன்னும் எழுபது நாள்.
சாட்டிலைட் மனது வைத்தால்
அவன் குரல் வரும், துண்டுதுண்டாக,
வரிசை மாறி.

"மூடும்போது ரொம்ப முறுக்காதே, அது வெறும் மரத்தூள் பலகை."
ஒரு மணி நேரம் கழித்து,
"முதலில் பிளக்கைப் பிடுங்கு.
அரை மணி பொறு, உள்ளே தேங்கியது வடியட்டும்."
நல்லவேளை, பிடுங்கியிருந்தேன்.

ஃபியூஸில் இழை அறவில்லை.
வேறு கேபிள் போட்டாயிற்று.
பத்துத் திருகாணிகளைக் கோப்பையில் போட்டுவைத்து
மறந்து அதிலேயே காபி ஊற்றினேன்.
சுவர்க்கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றி
ஸ்பீக்கரின் இரு கம்பிகளில் தொட்டபோது
டப் என்று
கூம்பு ஓர் அரிசியளவு முன்னே வந்தது.
உயிர் இருக்கிறது.
கடிகாரம்தான் நின்றுபோனது.

"கெப்பாசிட்டருக்கு வயிறு உப்பியிருக்கிறதா?"
இல்லை. எல்லாம் தட்டைத் தலை.
"பழுப்புப் பசை?"
கொஞ்சம். சுரண்டினேன்.
நகத்திடுக்கில் இரண்டு நாள் நாற்றம்.

மூடினேன். சிவப்பு.

பத்தாம் நாள் இரவு ஒரே ஒரு கேள்வி:
"வால்யூம் எத்தனையில் வைக்கிறாய்?"
பதினொன்று.
பதில் வர நான்கு மணி நேரம்.
"நான் முப்பத்தெட்டில் வைப்பேன்."

அவ்வளவுதான் பழுது.
முதுகில் ஒரு சின்ன சுவிட்ச், 'ஆட்டோ'வில்.
உள்ளே வரும் சிக்னல் ஓர் அளவைத் தாண்டினால்தான்
பெட்டி கண் விழிக்கும்.
நான் ஒருத்தி கேட்கப் போதுமான சத்தம்
அதை எழுப்பப் போதவில்லை.
இதற்கா ஃபியூஸ், இதற்கா பசை!

கோபத்தில் முப்பத்தெட்டுக்கு ஏற்றினேன்.
பச்சை.
ஜன்னல், கரண்டிகள், என் நெஞ்செலும்பு
எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.
கீழ்வீட்டு ரெகீனா ஹீட்டர் குழாயில் தட்டினாள்.
மூன்று தட்டு, எப்போதும்போல.
குன்வால்டிஸ் வந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள்.

பதினொன்றுக்கு இறக்கினேன்.
இருபது நிமிஷம் பச்சை, அப்புறம் பழையபடி.

சரி, தூங்கவே வேண்டாம் என்று
சுவிட்சை 'ஆன்' பக்கம் தள்ளினேன்.
இப்போது பாட்டு நின்ற பிறகும்
அடியில் ஓர் உறுமல்,
பக்கத்து அறையில் யாரோ
வாய் திறக்காமல் முனகுவதுபோல.
பதிவுசெய்து அனுப்பு என்றான்.
நாற்பது நொடி அனுப்பினேன்.

"ஒன்றும் கேட்கவில்லை.
என் கட்டிலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர்.
கப்பல் கரண்ட் அறுபது, நம் வீட்டுச் சுவர் ஐம்பது.
இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நடுவில்"

மீதி வரவில்லை.

எர்த் சிக்கலாக இருக்கும்.
டிவி கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.
நாளைக்கு.
விளக்கணைத்துவிட்டு
பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பு.

கோப்பையின் அடியில் இன்னும் ஒரு திருகாணி,
எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.