கணக்கில் சேராத சனிக்கிழமை

இன்னும் பதினோரு நாள்.
டயர் கடைச் சுவரில்
விதைக் கம்பெனி கொடுத்த காலண்டரில்
பத்தொன்பதாம் தேதியைச் சுற்றிப் பச்சை மை.
வட்டம் போட்டவன் நான்.
அதன் மேலேயே இன்னொரு வட்டம் போட்டது
பழைய பாக்கியைத் தள்ளிவைக்கச் சொல்லி வந்த
ஆர்லன் விட்டாசெக்.

போன சீசனைப் பற்றி
இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.
மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி.
கடைசி ஆட்டத்தில் நாலு நொடி மிச்சமிருக்க
உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிய சத்தம்
சிலருக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கிறதாம்.
எனக்குக் கேட்பதில்லை.
நான் தூங்கினால்தானே என்கிறாள் மனைவி.

டிசம்பர் முழுக்கப் பனி.
ஜனவரியில் பயிற்சியாளரை மாற்றினார்கள்.
பிப்ரவரியில் ஒன்றுமில்லை.
நெப்ராஸ்காவில் பிப்ரவரி என்றாலே ஒன்றுமில்லை.
மார்ச்சில் ஆற்று மணலில் நாரைகள் வந்திறங்கின.
எங்கள் அணிச் சட்டையில் சிறகு விரித்து நிற்பவை போல அல்ல,
அறுத்த சோளக்காட்டில் குனிந்து குனிந்து
சிந்தியதைப் பொறுக்கும் சாம்பல் நாரைகள்.
அவை வடக்கே கிளம்பிய வாரம்
தபால் நிலையக் கதவில் சுவரொட்டி:
வசந்தகாலப் பயிற்சி ஆட்டம்,
பச்சைக்கும் வெள்ளைக்கும்.
நுழைவுக்கட்டணம் ஒரு டப்பா பீன்ஸ்,
உணவு வங்கிக்கு.

பச்சையும் நாங்கள். வெள்ளையும் நாங்கள்.
வலக்கை இடக்கையோடு மல்லுக்கு நிற்கிற மாதிரி.
எவன் பாய்ந்து பிடித்தாலும் கைதட்டலாம்,
எவன் கோட்டை விட்டாலும் வயிறெரியலாம்,
இரண்டையும் ஒரே நொடியில் செய்யவேண்டி வரும்.
எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.
அதற்குத்தான் இத்தனை பாடு.

லூசியானாவிலிருந்து புது குவார்ட்டர்பேக் வந்திருக்கிறான்,
ட்ரேவியன் மூட்டன்.
அறுபது கஜம் எறிவான் என்றார் ஆர்லன்.
முடிவெட்டும் கடையில் அது எழுபது.
ஞாயிறன்று சர்ச் வாசலில் எண்பதைத் தொட்டது;
பாதிரியார் வந்ததால் அதோடு நின்றது.
எறிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.
மளிகைக்கடைப் பெண் மட்டும் பார்த்திருக்கிறாள்,
ஒரு தர்பூசணியை அவன்
ஒற்றை உள்ளங்கையில் தூக்கிப்போனதை.
இப்போதைக்கு எங்களுக்கு அது போதும்.

இன்னும் ஆறு நாள்.
ஆர்லன் கரியடுப்பை வெளியே இழுத்தார்.
உள்ளே ஒரு எலிக் குடும்பம்.
சனிக்கிழமைக்குள் காலி செய்ய
அவற்றுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்.

பள்ளி பஸ் ஓட்டும் மார்லிஸ் கோபெட்ஸ்கி
முன்சக்கரம் இழுக்கிறது என்று வந்தாள்.
அவள் மகன் கோல்பி, எண்பத்தேழாம் எண்.
மூன்று வருஷம், முப்பத்தாறு ஆட்டம்,
கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றவன்.
கால்சட்டையில் ஒரு புல்கறை கிடையாது.
தேசியகீதத்தின்போது மட்டும்
டி.வி.யில் இரண்டு முறை தெரிந்தான்.

"முற்பாதி வெள்ளைக்கு ஆடுகிறானாம்" என்றாள்,
சக்கரத்தைப் பார்த்தபடி.
"பிற்பாதி பச்சைக்கு. ஆள் பத்தலையாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ நான் எந்தப் பக்கம் உட்கார?"

கையில் நட்டு இருந்தது. இறுக்கினேன்.
இறுகிய பிறகும் கொஞ்சம் இறுக்கினேன்.
கூலி வேண்டாம் என்றால் கோபப்படுவாள் என்று
பாதி வாங்கினேன்.

இன்னும் இரண்டு நாள்.
ரேடியோவில் பண்ணைச் செய்திக்கு நடுவே:
வெள்ளி இரவு பனி, நாலு அங்குலம் வரை.
போன் அடித்தது.
"கேட்டியா?"
"கேட்டேன்."
"உன்கிட்ட மண்வாரி?"
"ரெண்டு."
"என்கிட்ட மூணு. எலிக போயிருச்சு."

பீன்ஸ் வாங்கியாகிவிட்டது.
லாரியின் டாஷ்போர்டில் கிடக்கிறது,
ஒவ்வொரு திருப்பத்திலும்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டபடி.
எடுத்துக் கீழே வைக்கலாம்தான்.