நுழையும், திரும்பாது

டிசம்பரில், கீத்லியில்,
கடைக்காரர்களை முந்திக்கொண்டு
மழையே ஷட்டரை இறக்கிவிடும்.
அப்படியொரு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு
எனக்கு இன்னொரு வீட்டுச்சாவி வேண்டியிருந்தது.
இடுப்பில் புது மூட்டோடு
திங்களன்று வருகிறாள் என் தங்கை ஹேசல்.
நான் வேலைக்குப் போனபின்
கதவைத் திறந்து வாசலில் வெயில் காய அவளுக்கு ஒன்று.
(வெயில் வந்தால்.)

பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தக் கண்ணாடிக் கடை.
பையனின் சட்டையில் 'ரீஸ்' என்று பெயர்ப்பட்டை.
"உள்ளே வாங்க, நனைஞ்சுட்டீங்களே" என்றான்.
என் குடையை வாங்கி வாளியில் வைத்தான்.
இயந்திரம் கத்தியபோது
அதற்காகவும் மன்னிப்புக் கேட்டான்.
ஏழு பவுண்டு. சின்ன உறை. உள்ளே ஒரு மிட்டாய்.
வாசல்வரை வந்து கையசைத்தான்.

சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது.
திரும்பவில்லை.
இடம், வலம், கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தூக்கி,
கெட்ட வார்த்தை சொல்லி...
ம்ஹூம்.

ஹோல்ராய்டின் இரும்புக்கடைக்கு
யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை.
மண்ணெண்ணெய் வாடை, கயிற்றுச் சுருள், எலிப்பொறி.
'கடன் கேட்காதே. மாற்றித் தரச் சொல்லாதே. நாயை வெளியே கட்டு.'
அட்டையில் அவர் கைப்பட எழுதியது.
சாவியை நீட்டினேன்.
"இதை எந்தக் கழுதை வெட்டினது?"
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
அசலையும் நகலையும் முதுகோடு முதுகு சேர்த்து
விளக்குக்கு நேரே பிடித்தார்.
அரத்தால் இரண்டே இழுப்பு.
"போ."
"எவ்வளவு?"
"போன்னு சொன்னேன்ல."

திரும்பியது.

மறுவாரம் நன்றி சொல்லப் போனேன், இஞ்சிக் கேக்கோடு.
"என்ன வாங்கப்போறே?"
பதறிப்போய்க் கைக்கெட்டிய பல்பைக் காட்டினேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால் அது திருகுமரை.
எங்கள் வீட்டில் எல்லாமே கொக்கி.
மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன்.
பேசாமல் அட்டையைச் சுட்டினார்.
கேக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை.
தாடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லையே.
கொதிகலன் நின்றுபோனவர்கள் அழைக்கும் எண்ணில்
மறுமுனைக் குரல் நான்.
பதினோரு வருஷம்.
'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்பதை
கொட்டாவிக்கு நடுவிலும்
தேன் சிந்தாமல் சொல்லத் தெரியும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றது ஒரு குரல்.
அப்போதே தெரிந்துவிட்டது.
இருந்தாலும் விதிப்படி பெயரைக் கேட்டேன்.
ரீஸ்.
மூன்று நாளாய் வீடு சில்லிட்டுக் கிடக்கிறதாம்.
பிறந்து பதினாறு நாளான பெண் குழந்தை.
சமையலறை அடுப்பின் கதவைத் திறந்துவைத்து
அதன் முன்னால் உட்கார்ந்து
ஆள் மாற்றி ஆள் மடியில் வைத்திருக்கிறார்களாம்.

திரையில் வியாழக்கிழமைதான் இருந்தது.
எழுந்து ஆறாம் மேசைக்கு நடந்திருக்கலாம்.
டெரிக் முறைப்பான், வைவான்,
ஆனால் ஒரு ஆளை எங்கிருந்தாவது நகர்த்துவான்.
என் வரிசையில் இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள்.
அது காரணமா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வியாழன்" என்றேன்,
நனைந்த குடையை வாங்கி
வாளியில் வைக்கும் பதத்தில்.

"வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"
"இல்லைங்க. ரொம்ப அன்பாப் பேசினீங்க."

அன்று மாலை என் பெயருக்கு மதிப்பெண் வந்தது.
ஐந்துக்கு ஐந்து.

வீட்டு வாசலில் சாவியைச் செருகிவிட்டு
அப்படியே நின்றுகொண்டிருந்தேன் போல.
கைத்தடி தட்டத் தட்ட வந்து
உள்ளிருந்து கதவைத் திறந்தாள் ஹேசல்.
"என்ன, திரும்பலையா?"