மூலை

டிசம்பரில் தார்த்து நகருக்கு
ஒன்பது மணிவரை விடிவதில்லை.
விர்வே கையுறையைக் கழற்றிவிட்டு
கம்பியைச் சூடேற்றுகிறாள்:
எண்ணூற்றைம்பது டிகிரி.
சிவப்பு என்று சொல்லக்கூடாத நிறம் அது,
பதிவேட்டில் எண் மட்டுமே எழுதலாம்.

ரூம் ஹீட்டரின் வயிற்றிலிருந்து பிடுங்கிய
வெள்ளை பிளாஸ்டிக் துண்டில்
கம்பி முட்டி நிற்க வேண்டும், முப்பது விநாடி.
கீழே ஒரு பைன் பலகை,
பலகைமேல் பரிசு சுற்றுகிற மெல்லிய தாள்.
சொட்டு விழலாம்.
தாள் பற்றக் கூடாது.
ஒரு வீட்டின் திரைச்சீலை, மெத்தை,
அதில் தூங்குகிறவர்கள்
எல்லோருக்கும் பதிலாக
அந்தத் தாள் அங்கே படுத்திருக்கிறது.

பற்றவில்லை.

அடுத்தது எச்சரிக்கை லேபிள்.
ஹீட்டர் படம், குறுக்கே ஒரு கோடு,
மூடாதீர்கள்.
தண்ணீர் நனைத்த துணியால் பதினைந்து விநாடி தேய்த்தாள்.
பெட்ரோலிய ஸ்பிரிட் நனைத்ததால் இன்னொரு பதினைந்து.
எழுத்து அழியவில்லை.
வலது மூலை மட்டும்
தூக்கத்தில் உதடு பிரிவதுபோல்
சற்றே எழுந்தது.

தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த ராய்வோ
குனிந்து பார்த்தான். "நகக்கண் அளவுதானே?"
பேர்னு கிடங்கில் நாலாயிரம் பெட்டி நிற்கிறது,
குளிர் போனபின் யார் வாங்குவார்கள் என்றான்.
லேபிளைப் படித்துவிட்டா
ஹீட்டர் போடுகிறார்கள் என்றும் கேட்டான்.
பதில் அவளிடம் இல்லை,
படிவத்தில் அந்தக் கேள்வியும் இல்லை.
கட்டைவிரலால் மூலையை அழுத்தினாள்.
படிந்தது.
விரலை எடுத்ததும் எழுந்தது.
மறுபடி அழுத்தவில்லை.
தேறவில்லை என்ற கட்டத்தில் பேனா ஒரு நொடி நின்று
பிறகு இறங்கியது.
அவன் காபியைத் தொடாமலே போனான்.

மாலை மூன்றரைக்குத் திரும்பவும் இருட்டு.
வீட்டில் பழைய ஹீட்டர்.
பனியில் நனைந்த கையுறை இரண்டையும்
அதன்மேல் விரித்துப் போட்டுவிட்டு
சூப் கிண்டப் போனாள்.
உருளைக்கிழங்கு பாதி வெந்தபோதுதான்
கம்பளி வாடை வந்தது,
அதன் பின்னால், மெதுவாக, உறைத்தது.

ஓடி வந்து எடுத்தாள்.
அடியில் அதே படம், அதே குறுக்குக்கோடு.
நாலு மூலையும் இறுகப் பிடித்தபடி
எத்தனை குளிர்காலமாய்
அவள் துணிக்கு அடியிலிருந்து
சொல்லிக்கொண்டே இருந்ததோ.

யாரும் பார்க்கவில்லை.
இருந்தும் காது சூடேறியது.
அந்த நிறத்துக்கு
பதிவேட்டில் எண் இல்லை.